அடுத்த பாட்டு நமக்கு எப்படித் தெரிகிறது?

உங்கள் வீட்டில் ஐம்பது வயதைக் கடந்தவர் யாரேனும் இருந்தால் அவரிடம் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இளமையில் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட ஒலிநாடா எது என்று முதலில் விசாரித்துக் கொள்ளுங்கள். அதிலுள்ள பாட்டு ஒன்றை மட்டும் ஒலிக்கச் செய்யுங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டு, ஒன்றும் பேசாமல் அவர் முகத்தையே கவனியுங்கள். இரண்டு மூன்று வினாடிகளில் அவருடைய வாய் அடுத்த பாட்டின் தொடக்க இசையைத் தானாகவே முணுமுணுக்கத் தொடங்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அடுத்த பாட்டு வேறு படத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். பாடியவர், இசையமைத்தவர் எல்லாரும் வேறு ஆட்களாக இருக்கலாம். அக்காலத்தில் ஊருக்கு ஊர் ரிக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வெற்று நாடாவையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் பதிந்து தருவார்கள். பட்டியலில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதப்பட்டதைத் தவிர அப்பாட்டுகளுக்கிடையே வேறு உறவு கிடையாது. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த உறவு அறுபடவில்லை!

எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி 1963-இல் வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டை எடுத்துக் கொள்ளுங்கள். சமஸ்கிருதம் ஓர் எழுத்தும் அறியாதவர்கள்கூட முதலிலிருந்து கடைசி வரை, அவர் மூச்சு வாங்கும் இடம் உட்பட, கூடவே பாடிவிடுவார்கள். பொருள் தெரியாது, ராகத்தின் பெயர் தெரியாது. பிறகு எதைத்தான் அவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்? பாட்டையா, அல்லது பாட்டு பதிந்திருந்த அந்தப் பொருளையா? இந்தக் கேள்விக்கு விடை காண, முதலில் அந்தப் பொருளைச் சற்று உற்று நோக்க வேண்டும்.

தட்டில் எழுதிய ஒலி

‘ஆல்பம்’ என்ற சொல் பாட்டுத் தொகுப்புக்கு வந்ததே ஒரு கதை. நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிட இசைதான் கொள்ளும். நீண்ட இசை வேண்டுமானால் பல தட்டுகள் தேவை. அவற்றைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைப் புத்தகத்தில் உறைகளாகத் தைத்து விற்றார்கள். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. புத்தகம் முழுவதும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. பெயர் மட்டும் ஒட்டிக் கொண்டது.

இனி நாம் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 33⅓ சுழற்சிக்கு 60 வினாடி என்றால் ஒரு சுழற்சிக்கு 1.8 வினாடி. ஒரு பக்கம் 22 நிமிடம் ஒலிக்கிறது என்று கொண்டால், தட்டு சுமார் 730 முறை சுற்றுகிறது. தட்டின் மேல் தெரியும் வரிகள் பல வட்டங்கள் அல்ல. விளிம்பில் தொடங்கி மையத்தை நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே ஒரு பள்ளம். விளிம்பருகே அதன் ஆரம் சுமார் 14.6 செ.மீ.; உட்பக்கம் முடியுமிடத்தில் சுமார் 6 செ.மீ. சராசரி ஆரத்தை எடுத்துக் கொண்டு பெருக்கிப் பாருங்கள். அந்தப் பள்ளத்தை நீட்டி வைத்தால் ஏறத்தாழ 470 மீட்டர்! இந்த நீளம் முழுவதும் முள் பக்கவாட்டில் அசைந்தபடியே செல்கிறது. அந்த அசைவுதான் ஒலி.

‘கீறல் விழுந்த ரிக்கார்டு மாதிரிச் சொன்னதையே சொல்லாதே’ என்று வீட்டில் யாரேனும் உங்களைக் கடிந்திருக்கலாம். கீறலில் தடுக்கிய முள் முந்தைய சுற்றுக்கே தாவிவிடும். ஆகவே நெடுநேரத் தட்டில் அது திரும்பத் திரும்பச் சொல்வது சரியாக 1.8 வினாடி நீளமுள்ள துண்டு. 78 தட்டில் 0.77 வினாடி. இதையே வேண்டுமென்று செய்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் 1967-இல் வெளியிட்ட ‘சார்ஜண்ட் பெப்பர்’ ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் கடைசிப் பள்ளம் மூடிய வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. தானாக நிற்காத கருவியில், யாராவது எழுந்து போய் முள்ளைத் தூக்கும் வரை அதில் பதிந்த உளறல் ஓயாது.

மற்றொரு செய்தியும் இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கிறது. தட்டு சீராகச் சுழன்றாலும் முள்ளுக்கு அடியில் பள்ளம் நகரும் வேகம் சீரானதல்ல. விளிம்பில் அது வினாடிக்குச் சுமார் 51 செ.மீ.; உள்ளே சுமார் 21 செ.மீ. அதிர்வெண் 440 கொண்ட ஒரு சுரம் விளிம்பில் ஒவ்வோர் அலைக்கும் 1.2 மி.மீ. இடம் எடுத்துக் கொண்டால், உள்ளே அரை மி.மீ.க்கும் குறைவாகத்தான் கிடைக்கும். நெருக்கி எழுதிய எழுத்துப் போல அலைகள் நெரிகின்றன; உரத்த ஒலியும் கீச்சுக் குரலும் அங்கே எளிதில் சிதைகின்றன. அதனால் ஓசை மிகுந்த பாட்டை விளிம்பருகிலும், அமைதியான பாட்டைப் பக்கத்தின் இறுதியிலும் வைக்கும் வழக்கம் பரவியது. எல்லா ஆல்பங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. ஆனாலும் நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டு வரிசையில் கலைஞனின் விருப்பத்தோடு வட்டத்தின் சுற்றளவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இசைத்தட்டைக் காதால் மட்டுமல்ல, கண்ணாலும் ‘படித்த’ ஒருவர் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர்தர் லிண்ட்ஜன், மருத்துவர். பெயர்ச்சீட்டை மறைத்த தட்டைக் கையில் கொடுத்தால், பள்ளங்களை உற்றுப் பார்த்து அது இன்னாரின் இன்ன சிம்பொனி என்று சொல்லிவிடுவார். போலிகளை அம்பலப்படுத்துவதில் பெயர் பெற்ற ஜேம்ஸ் ராண்டி 1980-களின் தொடக்கத்தில் அவரைச் சோதித்து, இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்று ஒப்புக் கொண்டார். இதில் மாயமும் இல்லை. உரத்த பகுதியில் பள்ளம் அகலமாக ஆடும். மென்மையான பகுதியில் வரிகள் நெருங்கி வேறு விதமாக ஒளியைப் பிரதிபலிக்கும். எந்த இசைப்படைப்பு எத்தனை நேரம் மெதுவாகத் தவழ்ந்து எப்போது பொங்கும் என்பது டாக்டருக்கு அத்துப்படி. பெத்தோவனுக்குப் பிற்பட்ட வாத்தியக்குழு இசை என்ற எல்லைக்குள்தான் அவருடைய வித்தை செல்லும். மனத்தில் இருந்த இசையின் உருவத்தைத் தட்டில் தெரிந்த உருவத்தோடு ஒப்பிட்டார், அவ்வளவே.

மூளைக்குள் ஒரு சுருதிப்பெட்டி

தட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டோம். தலைக்குள் என்ன இருக்கிறது?

சுருதிப்பெட்டியின் துணையின்றி, கேட்ட மாத்திரத்தில் ‘இது இந்தக் கட்டை’ என்று சொல்லும் ஆற்றல் மிகச் சிலருக்கே உண்டு. மற்றவர்கள் ஒரு மெட்டை எந்தச் சுருதியில் தொடங்கினாலும் மெட்டு சரியாக இருந்தால் போதும் என்று பாடுகிறார்கள். ஆகவே நம் நினைவில் நிற்பது சுரங்களுக்கு இடையிலான உறவு மட்டுமே, உண்மையான அதிர்வெண் நிற்பதில்லை என்று நெடுங்காலம் எண்ணி வந்தார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் டேனியல் லெவிட்டின் 1994-இல் வெளியிட்ட ஓர் எளிய ஆய்வு இந்த எண்ணத்தை அசைத்தது. அவர் 46 மாணவர்களை அழைத்தார். அடுக்கி வைத்திருந்த இசைக் குறுந்தகடுகளிலிருந்து நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக் கையில் பிடித்துக் கொள்ளச் சொன்னார். கண்ணை மூடி, அதிலுள்ள பாட்டை மனத்துக்குள் ஓடவிட்டு, பிறகு பாடச் சொன்னார். எந்தச் சுருதியும் கொடுக்கவில்லை. இப்படி இரண்டு பாட்டுகள். பாடிய சுருதியை மூலப் பதிவின் சுருதியோடு ஒப்பிட்டார். மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயி வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளவில்லை.

ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள் இருப்பதால், குருட்டுப் போக்கில் பாடுபவருக்குச் சரியான சுருதி அமைய 12-இல் ஒரு வாய்ப்பு. இரண்டு முயற்சிகளில் ஒன்றிலாவது அமைய ஏறத்தாழ 16 சதவீத வாய்ப்பு. (எப்படி என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.) ஆனால் மாணவர்களில் 40 சதவீதத்தினர் ஒரு பாட்டையாவது மிகச் சரியான சுருதியில் பாடினார்கள்! இரண்டையுமே சரியாகப் பாடியவர்கள் 12 சதவீதம். இவர்கள் சங்கீத வித்துவான்கள் அல்லர். உங்களையும் என்னையும் போன்றவர்கள். லெவிட்டினும் பெர்ரி குக் என்பவரும் 1996-இல் அதே பாடல்களின் வேகத்தை அளந்தார்கள். பத்தில் ஏழு பாடல்களுக்கு மேல் மூலத்தின் வேகத்திலிருந்து 8 சதவீதத்திற்குள்ளேயே இருந்தன. அவர்களிடம் கடிகாரமும் இல்லை, தாளக்கருவியும் இல்லை.

ஆக, நினைவில் இருப்பது வெறும் மெட்டு அல்ல. அந்தக் குறிப்பிட்ட பதிவு, அதன் சுருதியோடும் வேகத்தோடும்.

மௌனத்தில் கேட்கும் பாட்டு

2005-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் தெரிந்த பாடல்களிலும் தெரியாத பாடல்களிலும் இடையிடையே சில வினாடிகளை வெட்டி எடுத்துவிட்டு, மௌனத்தை வைத்தார்கள். கேட்பவரின் மூளையில் எந்தப் பகுதி இயங்குகிறது என்பதைக் காந்தப்புலத்தின் உதவியால் படம் பிடித்தார்கள். தெரிந்த பாட்டில் மௌனம் வந்தபோது, கேட்டல் தொடர்பான மூளைப்பகுதி தெரியாத பாட்டின் மௌனத்தைவிட மிகுதியாக இயங்கியது. கேட்பவர்களும் அந்த இடைவெளியில் பாட்டு தொடர்ந்து கேட்டதாகவே சொன்னார்கள்.

நம் சோதனைக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2009-இல் வாஷிங்டன் நகரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஆம்பர் லீவர், யோசெஃப் ரவுஷெக்கர் முதலியோர், ஒவ்வொருவருக்கும் மிகவும் பழக்கமான அவரவர் குறுந்தகட்டின் பாட்டுகளைப் போட்டு, பாட்டு முடிந்த பின் வரும் மௌனத்தில் மூளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அடுத்த பாட்டை எதிர்நோக்கும் அந்தச் சில வினாடிகளில் நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியும், உடல் அசைவுகளைத் திட்டமிடும் பகுதியும் இயங்கின. பழக்கமில்லாத இசைக்குப் பின் வந்த மௌனத்தில் இந்த எதிர்நோக்கல் இல்லை.

அசைவைத் திட்டமிடும் பகுதிக்கு இங்கே என்ன வேலை? சைக்கிள் ஏறுவதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் நினைத்துப் பாருங்கள். ஒரு செயல் முடியும் இடமே அடுத்த செயலைத் தூண்டுகிறது. பாட்டு வரிசையையும் மூளை இப்படியே, சங்கிலியாகக் கட்டி வைக்கிறது போலும். சங்கிலியை ஒரு திசையில்தான் இழுக்க முடியும். ‘ழ’ என்னும் எழுத்துக்கு இரண்டெழுத்து முன்னால் வருவது எது? சொல்வதற்கு முன் ‘ய, ர, ல, வ’ என்று மனத்துக்குள் ஓடிப் பார்த்தீர்கள் அல்லவா? வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது நடுவில் தடுக்கினால் முதலடிக்கே திரும்பிப் போகிறோமே, அதுவும் இதனால்தான். ஓர் ஆல்பத்தை முழுவதும் அறிந்தவரிடம் ‘ஆறாவது பாட்டு எது?’ என்று கேட்டால் விழிப்பார். ஐந்தாவது பாட்டின் கடைசி வரியைக் கேட்கச் செய்யுங்கள். நொடியில் பதில் வரும்.

வேகம் தவறிய நாடா

என் பள்ளிப் பருவத்தில் எங்கள் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. உள்ளேயிருந்த ரப்பர் பெல்ட் தளர்ந்து போய், சற்று மெதுவாக ஓடும். இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் வாத்திய இசைத் தொகுப்பை நான் கரைத்துக் குடித்தது அந்தக் கருவியில்தான். பிறகு கல்லூரி விடுதியில் நண்பர் ஒருவரின் கருவியில் அதைக் கேட்டபோது வயலின்கள் கூர்மையாகவும் அவசரமாகவும் ஒலித்தன. நண்பரின் கருவி பழுது என்று அடித்துச் சொன்னேன். அவர் சிரித்தார். நாடாவின் இரண்டாம் பக்கத்தில் ஓரிடம் எப்போதோ சிக்கிக் கசங்கியிருந்தது. அங்கே இசை ஒரு கணம் நீரில் அமிழ்ந்து எழும். இன்று குறையற்ற டிஜிட்டல் பதிவைக் கேட்கும்போதும் அந்த இடம் நெருங்கினால் என் காது அந்த அமிழ்தலை எதிர்பார்க்கிறது. அது வராதபோது ஏதோ விடுபட்டது போல் இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை. இதுவே உலகப் புகழ் பெற்ற ஓர் ஆல்பத்திற்கு நேர்ந்தால்?

அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959 ஆகஸ்டில் வெளிவந்தது. டேவிஸின் டிரம்பெட், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி இருவரின் சாக்ஸஃபோன்கள், பில் எவான்ஸின் பியானோ, பால் சேம்பர்ஸின் பாஸ், ஜிம்மி காபின் டிரம். ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி பியானோ வாசித்தார். நியூயார்க் நகரில் 30-ஆம் தெருவிலிருந்த கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டே நாள்களில் பதிவு முடிந்தது: மார்ச் 2-ஆம் தேதி மூன்று பாட்டுகள், ஏப்ரல் 22-ஆம் தேதி இரண்டு. முதல் நாள் பதிந்தவை தட்டின் முதல் பக்கமாயின. இரண்டாம் நாள் பதிந்தவை மறுபக்கமாயின. ஜாஸ் பயிலும் மாணவர்கள் இந்த ஆல்பத்தைச் சுரம் சுரமாக உருப்போட்டார்கள்.

ஆனால் மார்ச் 2-ஆம் தேதி, மூலநாடாவைப் பதிந்த கருவி சற்று மெதுவாக ஓடியிருந்தது.

கருவி மெதுவாக ஓடினால் இசையும் மெதுவாகத்தானே ஒலிக்கும் என்று கேட்பீர்கள். இல்லை, வேகமாக ஒலிக்கும்! என் வீட்டுக் கருவி மெதுவாக ஓடியது கேட்கும்போது, இங்கே பதியும்போது. ஒரு வினாடி இசைக்கு 38 செ.மீ. நாடா ஓட வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். கருவி சோம்பி, 37.5 செ.மீ. மட்டும் ஓடியது. அந்த ஒரு வினாடி இசை 37.5 செ.மீ.க்குள் நெருங்கி உட்கார்ந்து விட்டது. பிறகு சரியான வேகமுள்ள கருவியில் அதை ஓட்டும்போது 37.5 செ.மீ. கடந்து செல்ல ஒரு வினாடி தேவையில்லை. இசை சீக்கிரம் முடிகிறது, வினாடிக்குள் வரும் அதிர்வுகள் கூடுகின்றன, சுருதி ஏறுகிறது. இந்த எடுத்துக்காட்டில் 440 அதிர்வெண் ஏறத்தாழ 446 ஆகும். அடுத்த சுரத்தானத்தை எட்டிப் பிடிக்க அது 466 ஆக வேண்டும். ஆகவே சுருதி ஒரு கட்டையிலும் சேராமல், இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது.

உண்மைத் தட்டிலும் சுருதி இப்படி இரண்டுக்கும் நடுவே ஏறி நின்றது. சாதாரணமாகக் கேட்பவருக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. எல்லா வாத்தியங்களும் ஒன்றாக உயர்ந்ததால் அவற்றுக்கிடையே இணக்கம் கெடவில்லை. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகியவருக்குத்தான் தொல்லை. டிரம்பெட்டில் குழாயைச் சற்று உள்ளே தள்ளிச் சுருதியை ஏற்றிக் கொள்ளலாம். பியானோக்காரர் என்ன செய்வார்? தட்டைத் திருப்பி மறுபக்கம் போட்டாலோ எல்லாம் சரியாகச் சேர்ந்துவிடும்!

நல்ல வேளையாக, அன்று காப்புக்காக இரண்டாவது கருவி ஒன்றும் உடன் ஓடியது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த நாடாவைக் கொண்டு 1992-இல் வந்த மறுபதிப்பில்தான் முதல் பக்கத்துப் பாட்டுகள் அவற்றின் உண்மையான சுருதியில் வெளிவந்தன. அதற்குள் 33 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கூடத்தில் அன்று காற்றில் எழுந்த இசைக்கு இதுதான் நெருங்கிய பதிவு என்பதில் ஓர் இயற்பியல்காரனுக்கு ஐயமே இருக்க முடியாது. ஆனால் லெவிட்டினின் மாணவர்களை நினைத்துப் பாருங்கள். பழைய தட்டை ஆயிரம் முறை கேட்ட ஒருவரைக் கண்ணை மூடிப் பாடச் சொன்னால், அவர் பிடிக்கும் சுருதி மைல்ஸ் டேவிஸ் வாசித்ததாக இராது. தட்டு ஒலித்த சுருதியாகவே இருக்கும். அவரளவில், திருத்திய பதிப்புதான் சற்றுத் தளர்ந்து ஒலிக்கும். அவர் காதைத் திருத்த எந்தக் காப்பு நாடாவும் இல்லை.

நீங்களே செய்யக் கூடிய ஆய்வு

இன்று உங்களில் பலர் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு பாட்டும் தனித்தனியே நன்றாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொரு பாட்டு அடுத்து வந்தால், பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே சங்கிலி விழ வழியில்லை. பாட்டு முடிந்த மௌனத்தில் உங்கள் மூளை எதை எதிர்நோக்கும்? இதை நீங்கள் உங்கள் வகுப்பிலேயே ஆராயலாம். ஒரு படத்தின் பாட்டுகளை ஐந்து பேர் எப்போதும் ஒரே வரிசையிலும், ஐந்து பேர் கலைத்தும் ஒரு மாதம் கேளுங்கள். பிறகு ஒரு பாட்டின் முடிவை மட்டும் ஒலிக்கச் செய்து, யாருடைய வாய் தானாக முணுமுணுக்கிறது என்று பாருங்கள்.

வேகத்தை அளப்பதும் எளிது. நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்றைப் பதிவைக் கேட்காமல் பாடுங்கள். நண்பர் 20 தாளத் தட்டுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்து கடிகாரத்தால் அளக்கட்டும். பிறகு பதிவை ஒலிக்கவிட்டு அதே 20 தட்டுகளை அளந்து, வித்தியாசம் எத்தனை சதவீதம் என்று கணக்கிடுங்கள். 8-க்குள் வந்தால் நீங்கள் லெவிட்டினின் பெரும்பான்மைக் கூட்டத்தைச் சேர்ந்தவர். ஓர் எச்சரிக்கை: கைப்பேசிச் செயலிகள் பலவற்றில் வேகத்தைக் கூட்டினாலும் சுருதி மாறாதபடி கணினி சரிக்கட்டிவிடும். வேகமும் சுருதியும் கைகோத்து ஏறுவதைக் காண விரும்பினால் பரணில் கிடக்கும் பழைய டேப் ரிக்கார்டரைத் தேடி எடுங்கள். பெல்ட் இற்றுப் போயிருக்கும். பழுது பார்ப்பவரிடம் சொன்னால் புதியது மாட்டித் தருவார். பெல்ட்டை மாற்றுவதற்கு முன், வீட்டில் அதைக் கேட்டு வளர்ந்தவரைக் கூப்பிட்டு, அவருக்குப் பிடித்த பாட்டைப் பாடச் சொல்லிச் சுருதியைக் குறித்து வையுங்கள்.